குன்றக்குடி முகாமில் கற்ற சர்ஜரி

எங்கள் சர்ஜரி யூனிட் சார் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் கேட்கவே மாட்டார். "கதையைக் கேளு, அப்புறம் கையை வை" என்பார். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் அப்பெண்டிக்ஸை நினை; இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அழுத்திப் பார். ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்றால் நிற்க வைத்து இருமச் சொல். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் காத்திருக்காதே. இதெல்லாம் வார்டில் படித்த பாடம்.

சர்க்கரை நோயாளியின் காலை மட்டும் நான் குன்றக்குடியில்தான் படித்தேன். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் நகரத்தார் காவடிகள் அங்கே கூடும்போது சார் எங்களை முகாமுக்குக் கூட்டிப் போனார். கொப்புளம், வெடிப்பு, முள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆச்சி வந்தார். கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் தடித்த காய்ப்பு, நடுவில் கறுத்திருந்தது.

"வலிக்குதா ஆச்சி?"

"இல்லை தம்பி. பாயில கறை இருந்துச்சு, அப்பத்தான் பார்த்தேன்."

சார் தரையில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காய்ப்பைச் சீவியதும் சீழ் வந்தது. உலோகக் குச்சியை மெல்ல உள்ளே விட்டார். கெட்டியாக எலும்பு தட்டியது. அப்படித் தட்டினால் எலும்புக்கே கிருமி போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனால் கல் குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது.

வேண்டுதல் பாதியில் நிற்கிறதே என்று ஆச்சி அழுதார். "அடுத்த வருஷம் பஸ்ஸில் போய்க் கும்பிடுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டார்" என்று சார் அன்றே காரைக்குடிக்கு அனுப்பி வைத்தார். சீழை வடித்து, செத்த சதையை அகற்றினார்கள். விரல் ஒன்று போனது, பாதம் தப்பியது. அந்தச் சிகிச்சையில் கத்திக்கு நிகரான வேலை, புண் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது. மாணவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

இங்கே இங்கிலாந்தில் சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை பாதப் பரிசோதனை உண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்போம், பாதத்து நாடிகளைப் பிடித்துப் பார்ப்போம். சில நிமிட வேலைதான்.

தைக்கு ஊர் போய் நடக்க நினைக்கும் நம் சங்கத்தாரே, சர்க்கரை இருந்தால் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளாமல் விமானம் ஏறாதீர்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். கூட வரும் பெரியவர்களின் உள்ளங்காலையும் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள், விரலிடுக்கை விட்டுவிடாதீர்கள்.