மஞ்சள் வரிசைகள்

எங்கள் ஊர் வாசகசாலையின் நூற்பட்டியல் பல ஆண்டுகளாக எக்செல் கோப்புகளில் இருந்துவந்தது. பொறுப்பாளர்கள் மாற மாறக் கோப்புகளும் பெருகி ஒன்பதாகிவிட்டன. ஒரு நூல் இருக்கிறதா என்று பார்க்க ஒன்பதையும் திறக்க வேண்டியிருந்ததால், அவற்றை ஒரே எஸ்.கியூ.லைட் தரவுத்தளமாக மாற்றித் தருவதாக நானே முன்வந்தேன். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட அந்த மென்பொருளுக்குத் தனிச் சர்வரும் வேண்டாம், உரிமக் கட்டணமும் கிடையாது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதால் பென் டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எக்செலில் சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பு) ஆகச் சேமித்து, எஸ்.கியூ.லைட்டின் இம்போர்ட் கட்டளையால் உள்ளே ஏற்றுவது சில நொடி வேலை. ஏற்றிய பிறகு, நூல்களின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். நெடுவரிசையைப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். பதினொரு இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைப் பொது வடிவத்தில் (வடிவம் எதுவும் குறிப்பிடாத இயல்பு நிலையில்) வைத்திருந்தால் எக்செல் அதைச் சுருக்கிக் காட்டும், சி.எஸ்.வி.யிலோ திரையில் காட்டுவதையே எழுதும். அதனால் பதின்மூன்று இலக்க எண்கள் எல்லாம் 9.78818, அதன்பின் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து, பிறகு +12 என்று வந்திருந்தன. மூலக் கோப்பில் எண் பழுதுபடாமல் இருந்ததால், அந்த நெடுவரிசையைத் தசமம் இல்லாத எண் வடிவத்துக்கு மாற்றி மறுபடி சேமித்ததும் எட்டுக் கோப்புகள் சரியாயின.

ஒன்பதாவது கோப்பை யாரோ முன்னரே ஒருமுறை சி.எஸ்.வி. ஆக்கித் திரும்ப எக்செலில் சேமித்திருக்கிறார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுக்கு 9788180000000 என்ற ஒரே எண். ஐ.எஸ்.பி.என். இலக்கங்களை முறையே 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இந்த எண்ணுக்கோ 87 வருகிறது. இழந்த இலக்கங்களைக் கணக்குப் போட்டு மீட்க வழியில்லை. அலமாரியிலிருந்து நூல்களை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. புதிய அட்டவணையில் ஐ.எஸ்.பி.என்.னையும், வாசகசாலை ஒவ்வொரு நூலுக்கும் இடும் சேர்க்கை எண்ணையும் எழுத்து வகையாகவே அறிவித்துவிட்டேன். கூட்டிக் கழிக்கப் பயன்படாத எண்ணை எண்ணாக வைப்பதில் பயன் ஏதும் இல்லை.

தேதிகளில் வேறு சிக்கல். அமெரிக்க அமைப்பில் இருந்த கணினியில் உள்ளிட்ட ஒரு கோப்பில், ஜூன் 5 என்ற பொருளில் எழுதிய 05/06/2014 மே 6 ஆகியிருந்தது. 25/06/2014 போன்றவை, இருபத்தைந்தாம் மாதம் என ஒன்று இல்லாததால், வெறும் எழுத்தாகவே தங்கிவிட்டன. கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருப்பவை தேதிகள், இடப்பக்கம் ஒட்டியிருப்பவை எழுத்துகள் என்று பிரித்து, முன்னவற்றில் மட்டும் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினேன்.

தமிழ்ப் பெயர்கள் எனக்கு மேலும் நெருக்கமான விஷயம். பழைய இரண்டு கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் ‘அம்மா’ என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்னும் ஐந்து ஆங்கில விசைக்குறிகள். எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் தருகிறது. தரவுத்தளத்தில் எழுத்துரு கிடையாது என்பதால், ஏற்றும் முன்பே, ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். யூனிகோடிலேயே இருந்த கோப்புகளிலும் ஒரு மறைவான பிளவு இருந்தது. ‘கோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, எஸ்.கியூ.லைட்டுக்கு இரண்டும் வெவ்வேறு. ‘கோபால்’ என்று தேடினால் பாதி நூல்கள்தாம் வந்தன. பைத்தான் நிரல்மொழியில் சிறு நிரல் எழுதி எல்லாப் பெயர்களையும் ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே மீதியும் வந்தன.

கடைசியாக, மஞ்சள் நிறம். பல வரிசைகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள், சி.எஸ்.வி. நிறத்தைக் கொண்டுசெல்லாது. முன்னாள் பொறுப்பாளரான அம்மையாரைத் தேடிப்போய்க் கேட்டேன். “மஞ்சள்னா தொலைஞ்ச புத்தகம், தம்பி. ஆனா 2011 கோப்புல மட்டும் அன்பளிப்பா வந்தது. அப்போ வேற ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க” என்றார். இந்த ஒரு விளக்கம் கிடைக்காமல் போயிருந்தால், அன்பளிப்பாக வந்து அலமாரியில் இருக்கும் நூல்களை எல்லாம் தொலைந்தவை என்று பதிந்திருப்பேன். எக்செலில் நிறவாரியாக வடிகட்டி, ‘நிலை’, ‘வரவு வழி’ என்று இரு நெடுவரிசைகள் சேர்த்து, சொற்களாக எழுதிய பிறகே அவற்றை ஏற்றினேன்.

மூலக் கோப்புகள் ஒன்பதையும் கைவைக்காமல் அதே பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் பதினேழு வரிசைகள் இருக்கின்றன. அவற்றின் பொருள் அந்த அம்மையாருக்கும் நினைவில்லை.