சங்கக்கடை யாருடையது?

நேற்று கிளிநொச்சிச் சந்தையால் வரும்போது பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணை, சங்கக்கடை அரசாங்கத்தின்ர கடைதானே?"

இல்லையடா. அது கூட்டுறவுச் சங்கத்தின் கடை; பங்குப்பணம் கட்டிய உறுப்பினர்களுடையது. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். அவன் நம்பவேயில்லை.

1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து இப்படியொரு கடை போட்டு, மா, சீனி, வெண்ணெய் விற்கத் தொடங்கினார்கள். கலப்படம் இல்லை, நிறை சரி. இலாபத்தில் ஒரு பங்கு, யார் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினார்களோ அதற்கேற்ப அவர்களுக்கே திரும்பியது.

நாங்களோ வன்னியில் நெல்லை அறுத்த கையோடு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அரிசியைக் கூடிய விலைக்கு வாங்குகிறோம். சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் போகமாட்டோம். (நானும்தான், இரண்டு வருடமாக.)

சரி, தம்பி இப்போது உறுப்பினர் படிவம் எங்கே எடுப்பது என்று கேட்கிறான்.