வெற்றிலை போட்டுக்கொண்டு போகாதீர்கள்

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம். யாங்கூன் காளி கோயிலில் கீழே உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வயசு என்று விட்டிருந்தேன். வழக்கமாகப் பார்க்கும் சயாமாதான் (டாக்டரம்மா), இதயத்துக்குப் போகிற தானியங்கி நரம்பை, அதாவது நாம் நினைக்காமலே துடிப்பையும் பிரஷரையும் கவனித்துக்கொள்ளும் நரம்பைச் சர்க்கரை கெடுத்திருக்கலாம், கட்டிலில் படுக்கவைத்தே பார்த்துவிடலாம் என்றார்.

முதல் நாள் போனது வீண். டீ குடித்துவிட்டு, புகையிலை வைத்த வெற்றிலையை மென்றுகொண்டே உள்ளே போயிருக்கிறேன், என் வாயைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டுமே நாடியை மாற்றிவிடுமாம்.

மறுநாள் ஈசிஜி ஒயர்களோடு மெதுவாக மூச்சு விடச் சொன்னார். 5 விநாடி இழுத்து 5 விநாடி விட்டால் நிமிஷத்துக்கு 6 மூச்சு. இழுக்கும்போது துடிப்பு ஏறும், விடும்போது இறங்கும், அந்த வித்தியாசம் நிமிஷத்துக்கு 15 துடிப்பு இருந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் கோளாறு. பிராணாயாமம் செய்கிறவன் என்று தெம்பாகப் படுத்திருந்தேன். வந்தது 6.

அடுத்தது ஊதுவது. கண்ணில் ரத்தக்கசிவு உண்டா என்று முதலில் கேட்டார், இருந்தால் முக்கி ஊதக்கூடாதாம். பிரஷர் கருவியின் டியூபில் ஒரு சிரிஞ்ச் குழாயைச் சொருகி, பாதரசத்தை 40இல் 15 விநாடி நிறுத்தவேண்டும். கன்னத்தை உப்பவைத்து ஏமாற்ற முடியாது, காற்று கொஞ்சம் கசியும்படி வைத்திருக்கிறார்கள். 10 விநாடி தாண்டியபோது கரண்ட் போய் ஈசிஜி நின்றுவிட்டது. ஜெனரேட்டர் போட்டு, திரும்ப முதலிலிருந்து ஊதினேன்.

அப்புறம் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கச் சொன்னார். 15வது துடிப்பு வாக்கில் இதயம் வேகமாகி, 30வது வாக்கில் நிதானப்படவேண்டும், எனக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. படுத்திருந்தபோது மேல் பிரஷர் 138, நின்று மூன்றாவது நிமிஷம் 112. 20 இறங்கினாலே கணக்கில் எடுப்பார்கள். கடைசியாகக் கையால் இறுக்கிப் பிடிக்கும் சோதனை, என் முழு பலத்தில் 30 சதவீதம்தான், ஆனால் 5 நிமிஷம். மூன்றிலேயே கை நடுங்கி விட்டுவிட்டேன்.

நிற்கும்போது பார்த்த துடிப்பும் பிரஷரும் தனித்தனிச் சோதனை, ஆக மொத்தம் ஐந்து. இந்த ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தவர் எடின்பரோவில் இருந்த யூவிங் என்ற டாக்டராம்.

எல்லாம் முடிந்தபிறகுதான் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்ற பேச்சு வந்தது. புரோஸ்டேட்டுக்கு வேறொரு டாக்டர் கொடுத்ததை நான் சொல்லவே இல்லை, அதுவும் நிற்கும்போது பிரஷரை இறக்கக்கூடியது. போகிறவர்கள் எல்லா அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.