தயிருக்குள் ஒளித்த குளிசை

மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் மிருக வைத்திய நிலையத்தில் உதவியாளனாக இருக்கிறேன். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது; நான் சேர்ந்தது அதற்கு முன்பு. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனம் அப்போது நாயைச் சாக்கில் சுற்றி, பாதை என்கிற மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்து வருவார்கள்.

அப்படி வந்ததுதான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆச்சி ஒருவரின் கறுப்புக் கடுவன் நாய். ஐந்து நாளாகச் சாப்பாடில்லை. உதட்டைத் தூக்கினேன், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு, அதாவது பல் ஈறு, வெளிறிக் கிடந்தது. காதுமடலுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி. காய்ச்சல் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தது. நாய்க்கு 39 வரை சாதாரணம்தான். இரத்தம் பார்த்த டொக்டர் உண்ணிக் காய்ச்சல் என்றார். டொக்ஸிசைக்கிளின், 28 நாள்.

இந்த மருந்துக்கு நாய் சட்டென்று எழும்பிவிடும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டு, கோழி துரத்தத் தொடங்கும். வீட்டுக்காரர் குளிசையை நிறுத்துவதும் அன்றைக்குத்தான். கிருமி இருப்பது வெள்ளணுக்களுக்குள். மருந்து அதைப் பெருகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை உடம்பே துடைக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ஆச்சி மறுபடி வந்தார். அதே வெளிறிய முரசு. இடையில் நிறுத்தியிருப்பார் என்று நினைத்தேன்.

“ஒரு நாளும் விடல்ல மனே. எருமைத் தயிருக்க வச்சுத்தான் குடுத்தன். சட்டியையும் நக்கிப்போடுவான்.”

எனக்குச் சுருக்கென்றது. தயிரிலுள்ள கல்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர்வது குறைந்துபோகும். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு கொடுங்கள் என்று மருந்துப் பையை நீட்டியவன் நான். இந்த ஊரில் தயிரும் சாப்பாடுதானே! டொக்டர் தயிரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்பில் உண்ணி ஒளிந்திருந்தால் திரும்பவும் தொற்றும் என்று அதற்கும் மருந்து கொடுத்தார்.

இரண்டாம் முறை குளிசை மீன் பிசைந்த சோற்று உருண்டைக்குள் போனது. 28 நாள் முடிந்து வந்தபோது முரசை விரலால் அழுத்தி விட்டேன். வெள்ளை விழுந்த இடத்தில் இரண்டு செக்கனுக்குள் சிவப்பு ஏறியது.

“இனித் தயிர் குடுக்கலாமா மனே?”

கொடுக்கலாம் என்றேன். ஆச்சி பைக்குள்ளிருந்து ஒரு தயிர்ச்சட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அது எங்களுக்காம்.