ஆம்பர்லியிலிருந்து அருண்டெல் வரை

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், ஆம்பர்லி ரயில் நிலையத்தில் இறங்கி, அருண் ஆற்றை ஒட்டியும் சவுத் டவுன்ஸ் குன்றுகளின் மீதும் அருண்டெல் வரை ஒரு பகல் முழுவதும் நடந்தேன். நிலையத்தின் அருகிலேயே, சீமைச்சுண்ணாம்பை வெட்டிச் சூளையில் சுட்ட பழைய குழி இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்பாசிகளின் ஓட்டுத் துகள்களே இந்த வெண்குன்றுகள். மழைநீரை இப்பாறை உறிஞ்சிக்கொள்வதால் மேலுள்ள பள்ளத்தாக்குகள் ஓடையின்றி வறண்டு கிடக்க, அதே நீர் அடிவாரத்தில் ஊற்றாகப் பெருகுகிறது. அருண்டெல் பூங்காவின் ஸ்வான்போர்ன் ஏரி அவ்வாறு நிறைவதுதான்.

நார்த் ஸ்டோக்கும் சவுத் ஸ்டோக்கும் சில வீடுகளும் ஒரு பழைய தேவாலயமும் கொண்ட சிற்றூர்கள். தேநீர்க்கடையை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே வந்தும் ஆற்றில் ஓதம் ஏறி இறங்குகிறது. நீர் வடிந்த வேளையில் தெரியும் சேற்றுக் கரைகளை அழகு என்று நான் சொல்ல மாட்டேன்.

பூங்காவில் என்னை நெடுநேரம் நிறுத்தியது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் ஹியோர்ன் சிக்கிமுக்கிக் கல்லால் எழுப்பிய முக்கோணக் கோபுரம். அருண்டெல் ஊரின் கோட்டையைவிட அதுவே எனக்குப் பிடித்திருந்தது. 1067இல் தொடங்கப்பட்டது என்று கோட்டையின் பழமையைப் பெருமையாகச் சொன்னாலும், ஊரிலிருந்து நிமிர்ந்து பார்க்கையில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்டதே.