சில்வர் பீச்சில் ஒற்றை ரூபாயைத் தேடி

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் விடிவதற்கு முன்பே மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய்விடுகிறேன். முதல் நான்கு வாரத்தில் தோண்டியதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். குவார்ட்டர் பாட்டிலின் அலுமினியத் திருகு மூடிகள், கசங்கிய ஈயத்தாள், ஒரு கொலுசு மணி, மூன்று ஐந்து ரூபாய்க் காசுகள். ஆணியோ சோடா மூடியோ ஏறக்குறைய இல்லவே இல்லை. கருவி குப்பையை நன்றாக ஒதுக்குகிறது என்று மகிழ்ந்தேன். ஆனால் சனிக்கிழமை மாலையில் சுண்டல் வண்டிகளைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாத மணல் அது. அங்கே ஓர் ஒற்றை ரூபாய்கூடக் கிடைக்காதா என்ற கேள்வி என்னை விடவில்லை.

விடை வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து ஒரு ரூபாய்மேல் வைத்தேன். காசு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. 1992 முதல் ஒரு ரூபாயும், 2005 முதல் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் எஃகில்தான் அடிக்கப்படுகின்றன. கருவியோடு வந்த கையேடோ, முதல் வேலையாக இரும்புக்கு ஒலிக்காதபடி அதை மறைக்கச் சொல்கிறது. அமெரிக்கக் காசுகளில் பல செம்பும் நிக்கலும் கலந்தவை, அமெரிக்கர்களுக்கு அதில் நட்டமில்லை. நான் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றி, நான்கு வாரமும் நம் ரூபாயையே காதில் விழாமல் செய்திருக்கிறேன்.

அன்றே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கடற்கரை மணலை நிரப்பி, வீட்டிலிருந்த காசுகளை ஐந்து, பத்து, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மாற்றி மாற்றிப் புதைத்து ஒலியைக் கேட்டேன். என் கருவி உலோகத்துக்கு ஏற்பப் பூஜ்யத்திலிருந்து 99 வரை எண் காட்டும். 9 கிராம் எடையுள்ள பழைய தடித்த ஐந்து ரூபாய் செம்பு நிக்கல் கலவை. எந்தப் பக்கம் வீசினாலும் நாற்பதை ஒட்டியே நின்றது. மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஐம்பதைத் தாண்டியது. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கிடந்த அறுகோண இருபது பைசா அலுமினியம் என்பதால் அதற்கும் மேலே ஏறியது. இவை மூன்றும் நல்ல பிள்ளைகள். ஒற்றை ரூபாய் மட்டும் ஒருமுறை பதினைந்து, அடுத்த வீச்சில் எழுபது, மறுபடி இருபது என்று தாவியது.

காரணம் புரிந்துகொள்ளத் தக்கதுதான். கருவியின் அடியில் வட்டமாக இருக்கும் கம்பிச்சுருளான 'காயில்' அனுப்பும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அது எவ்வளவு தாமதித்துத் திரும்பி வருகிறது என்பதை அளந்துதான் கருவி எண்ணைச் சொல்கிறது. இரும்பு அதோடு நிற்காமல் தானே காந்தமாகி வேறொரு பதிலும் கொடுக்கிறது. தட்டையான வட்ட எஃகில் இரண்டும் போட்டியிடுவதால் எண் நிலைகொள்வதில்லை. சோடா மூடியும், பீர் மூடியும் தட்டையான வட்ட எஃகுதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாவது வாரம் முதல் வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை முழுதாகத் திறந்துவிட்டேன். இரும்பை ஒளிக்காமல், அதற்குத் தாழ்ந்த உறுமல் ஒலியை மட்டும் வைத்தேன். கருவியின் உணர்திறனான சென்சிடிவிட்டியை இரண்டு படி இறக்கினேன். ஆழம் குறையும், ஆனால் நேற்று விழுந்த காசு ஒரு சாணுக்குள்தான் கிடக்கும். எண்ணைப் பார்ப்பதை விட்டு ஹெட்போனைக் கேட்கத் தொடங்கினேன். ஒலி கேட்ட இடத்தைச் சுற்றிக் கால்வட்டம் நடந்து குறுக்கே ஒருமுறை வீசிப் பார்ப்பேன். பிறகு காயிலை மெல்லப் பின்னுக்கு இழுத்து அதன் முனை மட்டும் படும்படி செய்வேன். ஐந்து ரூபாய் கடைசிவரை ஒரே சுருதியில் மங்கும், மூடி உறுமலில் போய் விழும்.

ஒற்றை ரூபாயும் உறுமத்தான் செய்கிறது. அதற்கு நான் கண்டது ஒரே வழி: காயிலைத் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவது. 21 பற்களோடு கவிழ்ந்து கிடக்கும் மூடி பெரியது, அதன் ஒலி முழங்கால் உயரம்வரை துரத்தி வரும். ரூபாய் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் ஆழத்தில் கிடக்கும் மூடியும் இதே போல அடங்குவதால் பாதிக்குப் பாதிதான் சரியாகிறது. மீதியை மூடி என்று தெரிந்தே தோண்டுகிறேன். வெறுங்காலில் குழந்தைகள் ஓடும் மணல், எடுத்த மூடி எடுத்ததாகவே இருக்கட்டும்.

அலை நனைத்த மணலில் என் கருவி பயன்படாது. உப்புநீரே மின்சாரத்தைக் கடத்துவதால் மணல் முழுவதும் ஈயத்தாள் விரித்தது போல அலறுகிறது. கேப்பர் மலைப் பக்கம் நண்பரின் முந்திரித் தோப்பில் இன்னொரு பாடம். அந்தச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். காயிலை மேலும் கீழும் அசைத்துக் மண்ணின் ஒலியைக் கழிக்கும் கிரவுண்ட் பேலன்ஸைச் சரிசெய்யும்வரை எங்கே வைத்தாலும் ஒலித்தது.

புனித டேவிட் கோட்டைப் பக்கமும், புதுச்சேரி போனால் அரிக்கமேட்டுப் பக்கமும் கருவியைக் கொண்டுபோவதில்லை, இரண்டும் பழைய வரலாற்று இடங்கள். மண்ணில் புதைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இதில் இறங்குகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

போன ஞாயிறு கணக்கு: ஒற்றை ரூபாய் ஏழு, இரண்டு ரூபாய் மூன்று, ஐந்து ரூபாய் இரண்டு, மூடிகள் முப்பத்தொன்று. இவை போக, காசு என்று உறுதியாக நம்பித் தோண்டிய ஆறு இடங்களில், விரல் நுனி அளவில் நடுவில் துளையிட்ட சாம்பல் நிற உருண்டைகள். எண்ணும் நிலையாக இருந்தது, ஒலியும் உடையவில்லை. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"வலை ஈயம், தம்பி. கயிறு அறுந்தால் கொட்டிப்போகும். இன்னும் கிடைக்குமா?"

ஆறையும் கொடுத்துவிட்டேன். அவர் படகு நிறுத்தும் இடத்தை விரலால் காட்டினார். அடுத்த ஞாயிறு அங்கேதான் தொடங்கப் போகிறேன்.