சாளக்கிராமத்தில் அம்மாவின் நேர்த்திக்கடன்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு விபத்தில் சிதைந்த என் வலக்கை பிழைக்குமா என்று மருத்துவர்கள் தயங்கிய நாளில், முக்திநாத்தின் 108 தாரைகளிலும் நீராடுவதாக அம்மா பெருமாளுக்கு நேர்ந்துகொண்டார். கூடலழகர், கள்ளழகர், திருமோகூர்க் காளமேகப் பெருமாள் என்று நினைத்தபோதெல்லாம் சேவித்துவரும் அவருக்கு, நேபாளத்திலுள்ள முக்திநாத் என்னும் திருச்சாளக்கிராமம் 71 வயதில்தான் வாய்த்தது.

போக்ராவில் வானிலை சரியில்லாமல் ஜோம்சோம் விமானம் ரத்தானதால், ஜீப்பிலேயே குலுங்கிக்கொண்டு சென்றோம். அன்னபூர்ணாவும் தவளகிரியும் மழைமேகங்களை மறித்துவிடுவதால், அவற்றைக் கடந்த பின் பச்சை மங்கி, வெறும் மண்ணும் கல்லுமாக மலைகள் விரிகின்றன. கண்டகி ஆற்றுப் படுகையில் முற்பகலுக்குப் பின் எழும் காற்று வாய் நிறைய மணலை அள்ளிப்போட்டது. காக்பேனியிலும் ஜார்கோட்டிலும் மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய வீடுகள்; மழை அரிதென்பதால் கூரையும் தட்டையான மண்தளம்தான், அதன் விளிம்பில் விறகை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலூர்ப் பக்கம் மண்வீட்டில் பிறந்த அம்மா ஒரு சுவரைத் தடவிப் பார்த்து, "நம்ம வீட்டுச் சுவரு மாதிரியே இருக்குய்யா" என்றார். அந்த வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டியவன் நான் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

கோயிலுக்குக் கீழேயுள்ள ராணிபவ்வாவில் குதிரைக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஏறும்போது பேசிய கூலி, கோயில் வாசலில் இறங்கும்போது இரட்டிப்பாகியிருந்தது.

அழகர்மலை நூபுர கங்கையின் குளிருக்கே சிணுங்கும் அம்மா, 3,700 மீட்டர் உயரத்தில் பனி உருகி விழும் தாரைகளின் கீழே சிறுமியைப்போல ஓடினார். பின்னால் ஓடிய எனக்குப் பாதியிலேயே தலை மரத்துப்போனது. ஈரம் சொட்டச் சொட்டச் சந்நிதிக்கு வந்தபோது, பின்னாலிருந்த கூட்டம் எங்களை நெருக்கித் தள்ளியது. திருமங்கையாழ்வார் இத்தலத்திற்கு அருளிய 10 பாசுரங்களையும் வீட்டில் அன்றாடம் சேவிப்பவர், இங்கே முதற்பாசுரத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டார். சந்நிதியில் பணிசெய்யும் பௌத்தத் துறவினி ஒருவர், கூட்டத்தைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்துத் தீர்த்தம் தந்தார். அந்தத் தாயை அனுப்பியவர் ஸ்ரீமூர்த்திப் பெருமாளேயன்றி வேறு யார்! குதிரைக்கூலி, மணற்காற்று, முதுகுவலி எதுவும் அப்போது நினைவில் இல்லை.

மூச்சு சீரான பின்னும் அம்மா பாசுரத்தைத் தொடரவில்லை. என் வலக்கையைப் பற்றி, பெருமாள் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.